தளம் கட்டுவதும் தேடலில் மேலே வருவதும் ஒரே வேலைதான்: தனியாளாக நான் செய்யும் முறை

தனியாள் எழுதியது:

"தளம் கட்டி முடித்தாயிற்று, இனி எஸ்இஓவுக்கு (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கு) யாரைப் பிடிப்பது?" இந்தக் கேள்வி இந்த மன்றத்தில் வராத வாரம் இல்லை. ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டாகப் பதில் போடுவதற்குப் பதிலாக நான் வேலை செய்யும் முறையை ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தளம் தேடலில் எங்கே நிற்கும் என்பதில் பெரும்பங்கு, டிசைனர் கையில் வேலை போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. என்னென்ன பக்கங்கள் இருக்கப் போகின்றன, ஒவ்வொன்றும் யாருடைய எந்தக் கேள்விக்குப் பதில், பழைய முகவரிகள் எங்கே போய்ச் சேரும், இவ்வளவுதான் விஷயம். இதை விட்டுவிட்டுப் பின்னால் எஸ்இஓ என்று மாதாமாதம் பணம் கொடுப்பது, எழுப்பிய சுவரை இடித்துக் கதவு வைக்கிற வேலை.

புதிதாக யாராவது பேச வந்தால் மூன்று கேள்விகள் கேட்பேன். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யாருக்குச் சொந்தமாகப் பதிவாகியிருக்கிறது? ஏற்கெனவே தளம் இருக்கிறதா, இருந்தால் கூகுள் சர்ச் கன்சோலுக்கு (தேடலில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை கிளிக் என்று தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் கருவி) அனுமதி தர முடியுமா? பக்கங்களுக்கான எழுத்தை யார் தரப் போகிறார்கள்? மூன்றாவதுக்கு "அதெல்லாம் நாங்களே கொடுத்துவிடுவோம்" என்று பதில் வந்தால் முடிக்கும் தேதியை அப்போதே தள்ளி எழுதிக்கொள்வேன். கொடுக்க மாட்டார்கள். மனம் இல்லாமல் இல்லை, விஷயம் தெரிந்த ஆள் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு போனில் இருப்பார், அவருக்கு உட்கார்ந்து எழுத நேரமே கிடைக்காது. அதனால் அவரைப் பேச வைத்துப் பதிவு செய்து நானே எழுதிவிடுகிறேன், அந்த நேரத்துக்கும் கட்டணம் உண்டு. போனில் ஜனங்கள் அவரிடம் திரும்பத் திரும்ப என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தாலே போதும், காசு கொடுத்து வாங்கும் எந்தக் கீவேர்டு (தேடுசொல்) கருவியும் தராத பட்டியல் கிடைத்துவிடும்.

அடுத்தது பழைய தளம். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும், அதற்கு முந்தையது போனது போனதுதான். ஆகவே வேலை உறுதியான அன்றே அதை இறக்கி வைத்துவிடுங்கள். திரையிலிருந்து நேரடியாக இறக்கினால் 1,000 வரிசைதான் வரும், பெரிய தளமென்றால் ஏபிஐ வழியாகத்தான், அதாவது நிரல் எழுதித்தான் எடுக்க வேண்டும். எந்தப் பக்கத்துக்குக் கிளிக் வருகிறது, எதை வெளியிலிருந்து யாராவது இணைத்திருக்கிறார்கள், எது யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் என்று பார்த்தால் பெரும்பாலும் அசிங்கமான, யாருக்கும் நினைவில்லாத ஒரு பழைய பக்கம்தான் பாதி வருகையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதைத்தான் புதுத் தளம் கட்டும்போது முதலில் தூக்கி எறிவார்கள்.

இதெல்லாம் கையில் வந்ததும் ஒரு விரிதாள் போடுவேன். வரிசைக்கு ஒரு பக்கம். பழைய முகவரி, புது முகவரி, தேடுபவர் என்ன தட்டச்சு செய்து வருவார், வந்தவருக்கு என்ன தெரிய வேண்டும், நாம் சொல்வதை அவர் நம்ப என்ன ஆதாரம் காட்டப் போகிறோம், இந்தப் பக்கத்துக்குள் வேறு எங்கிருந்து இணைப்பு வரும். இந்தத் தாளுக்கு வாடிக்கையாளர் சரி சொல்லும் வரை நிறம், லோகோ, ஸ்லைடர் (தானாக மாறும் படவரிசை) எதையும் பேச மாட்டேன். (ஸ்லைடர் பற்றித் தனி இழையே போடலாம், இங்கே வேண்டாம்.)

பக்கவடிவன் எழுதியது:

சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் டிசைனர்களை எடுபிடி மாதிரிப் பேசுவதை ஒத்துக்கொள்ள முடியாது. வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டு விரிதாளையே பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார், கண்ணுக்கு ஏதாவது தெரிந்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். பல பேருக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதே முகப்புப் பக்கத்தின் மாதிரியைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. "இது நாங்கள் இல்லை" என்று அப்போதுதான் வாய் திறக்கிறார்கள். அப்போது உங்கள் விரிதாளும் சேர்ந்து மாறும்.

தனியாள் எழுதியது:

மாறட்டுமே, விரிதாளில் மாற்றுவது மலிவு. நான் டிசைனைக் குறைத்துச் சொல்லவில்லை, வரிசையைச் சொல்கிறேன். பத்து வகைப் பக்கங்கள் தேவைப்படும் தளத்துக்கு முகப்பு மட்டும் வரைந்து ஒப்புதல் வாங்கிவிட்டு, மீதி ஒன்பதையும் அதே அச்சில் திணிப்பதுதான் நடக்கிறது. சேவைப் பக்கத்தில் ஒரு பெரிய படம், இரண்டு வரி, "தொடர்புகொள்ளவும்" பொத்தான். கேள்வியோடு வந்தவருக்கு அங்கே பதிலே இல்லை. அது எப்படி மேலே வரும்?

நீங்கள் சொல்வது போல வாய் திறக்க வைக்க ஒரு வழி இருக்கிறது. உண்மையான எழுத்தைப் போட்டு, வண்ணம் இல்லாமல், சேவைப் பக்கம் ஒன்றை மட்டும் கட்டிக் கைப்பேசியில் காட்டுவேன். முகப்பைக் காட்டவே மாட்டேன். பேச்சு தானாகவே "எங்கள் ஆட்கள் கேட்பது இது இல்லையே" என்று விஷயத்துக்கு வந்துவிடும்.

புதுவரவு எழுதியது:

அண்ணா, நான் இப்போதுதான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். தளம் கட்டும் மென்பொருளில் வேர்ட்பிரஸ்தான் தெரியும். கீவேர்டை எத்தனை தடவை போட வேண்டும்? அதில் சேர்த்திருக்கும் எஸ்இஓ பிளகின் (கூடுதல் மென்பொருள்) பச்சை விளக்கு காட்டும் வரை திருத்திக்கொண்டே இருக்கிறேன், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.

தனியாள் எழுதியது:

அந்தப் பச்சை விளக்கு பிளகின் எழுதியவரின் கணக்கு, கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தலைப்பு விட்டுப்போயிருக்கிறதா, ஒரே தலைப்பு இரண்டு பக்கத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் மதிப்பெண் வாங்கப் போராட வேண்டாம். எத்தனை தடவை என்ற எண்ணிக்கையும் கிடையாது. மெட்டா கீவேர்ட்ஸ் டேக்கை (பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் தேடுசொல் பட்டியல்) வலைத் தேடலின் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது, இன்னும் அதை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. அந்தச் சொல்லை நீங்களே தேடிப் பாருங்கள், லாகின் இல்லாத உலாவியில். முதல் பக்கத்தில் என்ன வகைப் பக்கங்கள் வருகின்றன? விலைப்பட்டியலா, செய்முறை விளக்கமா, ஒப்பீடா, வரைபடமா, வீடியோவா? அங்கே முழுக்கச் செய்முறை விளக்கங்களாக நிற்கும்போது நீங்கள் விற்பனைப் பக்கத்தைக் கொண்டுபோனால் எவ்வளவு திருத்தினாலும் ஏறாது, ஏனென்றால் தேடுகிறவர் வாங்க வரவில்லை. அப்புறம், ஒரே கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தால் ஒன்றாக்குங்கள். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மூன்றுமே கீழே கிடக்கும்.

மெட்டா டிஸ்கிரிப்ஷன் (பக்கத்தைப் பற்றி நாம் எழுதித் தரும் சுருக்க வரிகள்) தரவரிசைக்கு நேரடியாக உதவாது, ஆனால் முடிவுப் பக்கத்தில் அதைப் படித்துவிட்டுத்தான் கிளிக் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். பல நேரம் கூகுள் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலிருந்தே வேறு வரிகளை எடுத்துப் போடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

சர்வர்சாமி எழுதியது:

எல்லோரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியிடும் நாளில் கொட்டிக் கவிழ்ப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், என்னைக் கூப்பிடுவதே அதற்குப் பிறகுதான்.

வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்புப் பகுதியில் தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுக்க வேண்டாம் என்று ஒரு டிக் இருக்கிறது. ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் நகல் தளத்தில்) அதைப் போட்டு வைப்பார்கள், அப்படியே நேரடித் தளத்துக்கு வந்துவிடும். தளம் அழகாகத் திறக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், சில வாரத்தில் ஒவ்வொரு பக்கமாகத் தேடலிலிருந்து மறையும்.

அடுத்த குழப்பம் ரோபோட்ஸ் கோப்பு, தேடுபொறி எங்கே போகலாம் எங்கே கூடாது என்று எழுதி வைக்கும் கோப்பு. அது தவழ்வதை (தேடுபொறி பக்கத்துக்குள் வந்து படிப்பதை)த்தான் தடுக்கும், இன்டெக்ஸ் ஆவதை (தேடல் பட்டியலில் சேர்வதை)த் தடுக்காது. ஒரு பக்கத்தில் நோஇன்டெக்ஸ் (பட்டியலில் சேர்க்காதே) குறியைப் போட்டுவிட்டு ரோபோட்ஸிலும் அதைத் தடுத்தால், கூகுள் உள்ளே வந்து அந்த நோஇன்டெக்ஸைப் படிக்கவே முடியாது, வெளியே யாராவது இணைத்திருந்தால் வெறும் முகவரி மட்டும் முடிவுகளில் நிற்கும். ரோபோட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇன்டெக்ஸ் எழுதும் பழக்கமும் 2019 செப்டம்பரோடு செத்துவிட்டது, கூகுள் அதை மதிப்பதில்லை. ஸ்டேஜிங் தளத்தை மறைக்க வேண்டுமா, கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள், வேறு தந்திரம் தேவையில்லை.

அப்புறம் டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயரை அதற்கான சர்வரோடு இணைக்கும் பதிவேடு. தளம் தங்கும் ஹோஸ்டிங்கை மாற்றும்போது அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றிவிட்டு, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளைக் கொண்டுவர மறந்துவிடுவார்கள். தளம் வரும், அலுவலக மின்னஞ்சல் நின்றுவிடும். ஒரு நாள் முன்பே டிடிஎல்லை (பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்கு இறக்கி வைத்துவிட்டு, நேம்சர்வரைத் தொடாமல் தளத்தின் சர்வரைக் காட்டும் ஏ பதிவை மட்டும் மாற்றினால் பாதித் தலைவலி இல்லை, தப்பானால் நிமிடங்களில் திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை வெளியிடுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை.

சிறுவணிகி எழுதியது:

நான் உங்கள் தொழில் இல்லை, உங்களிடம் வேலை கொடுக்கும் பக்கம். ஒரு நிறுவனம் எங்களிடம் ஒரே மாதத்தில் முதலிடம் என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தது. அறிக்கை மாதாமாதம் வந்தது, அதில் எல்லாமே முதலிடம். பார்த்தால் எங்கள் நிறுவனப் பெயரும், எந்த மனிதனும் தேடாத ஆறேழு சொல் நீளமுள்ள வாசகங்களும். விசாரணை அழைப்பு ஒன்றுகூடக் கூடவில்லை. விலகலாம் என்றால் டொமைன் அவர்கள் பெயரில் இருக்கிறது, சர்ச் கன்சோலும், வருகையைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸும் அவர்கள் கணக்கில். இதை வாங்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. உங்களைப் போன்றவர்களை நாங்கள் எப்படி நம்புவது என்று சொல்லுங்கள்.

தனியாள் எழுதியது:

அம்மா, உங்கள் கோபம் நியாயம். இதற்காகத்தான் டொமைன் கேள்வியை முதலில் வைத்தேன். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் இருக்க வேண்டும், எங்களுக்கு வெறும் பயனர் அனுமதி போதும். சர்ச் கன்சோலில் உரிமையாளர் நீங்கள், வேலை செய்கிறவரைப் பயனராகச் சேர்த்து, முடிந்ததும் நீக்கிவிடலாம். "டெக்னிக்கலாக அது முடியாது" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முதலிடம் உறுதி என்று எவரும் தர முடியாது, கூகுளின் சொந்த வழிகாட்டுதலிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதே வழிகாட்டுதலில், மாற்றங்களைச் செய்து பலன் தெரியப் பொதுவாக 4 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகும் என்றும் இருக்கிறது. நான் ஒப்பந்தத்தில் உறுதி கொடுப்பது என் கையில் இருப்பவற்றுக்கு மட்டும்: எத்தனை பக்கங்கள், எந்தத் தேதி, பழைய முகவரிகள் எல்லாம் சரியான இடத்துக்குப் போகும், வேகம் இந்த அளவுக்குள் இருக்கும். தரவரிசை என் கையில் இல்லை.

அறிக்கை கேட்டால் இடத்தைக் கேட்காதீர்கள். நிறுவனப் பெயர் இல்லாத தேடல்களிலிருந்து எத்தனை கிளிக் வந்தது, அது எந்தப் பக்கங்களுக்கு, அவற்றில் எத்தனை பேர் படிவம் நிரப்பினார்கள் அல்லது அழைத்தார்கள். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

எதிர்வாதி எழுதியது:

இவ்வளவு பேச்சில் பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து வரும் இணைப்பு) என்ற சொல்லே ஒழுங்காக வரவில்லை, ஆச்சரியம். 1998ல் கூகுளை நிறுவிய பேஜும் பிரின்னும் பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறையோடு வந்ததே இணைப்புகளை எண்ணித்தான். போட்டி உள்ள துறையில் விரிதாள் போட்டு யாரும் ஜெயிக்கவில்லை. இணைப்பு வேண்டும், இணைப்புக்குக் காசு வேண்டும். இதை வெளிப்படையாகச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம்.

தனியாள் எழுதியது:

இணைப்பு தேவையில்லை என்று நான் எங்கே சொன்னேன்? விலைக்கு மொத்தமாக வாங்கும் இணைப்புகளைத்தான் வேண்டாம் என்கிறேன். 2012ல் பென்குவின் என்ற கூகுள் வடிகட்டி வந்தபோது அப்படி இணைப்பு வாங்கிய தளங்கள் சரிந்தன, 2016ல் அது கூகுளின் மைய வழிமுறைக்குள்ளேயே போய்விட்டது. இப்போது பெரும்பாலும் தண்டனைகூடக் கொடுப்பதில்லை, அந்த இணைப்புகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். காசு போனதுதான் மிச்சம், போனது தெரியவும் செய்யாது. விளம்பரமாகக் காசு கொடுத்து இணைப்பு வாங்குவது குற்றமில்லை, அதற்கு ஸ்பான்சர்டு (காசு கொடுத்தது) அல்லது நோஃபாலோ (தரவரிசைக்கு எண்ண வேண்டாம்) என்று நிரலில் குறியிட்டுவிட வேண்டும். குறியிட்டால் உங்களுக்கு வேண்டிய பலன் அதில் இருக்காது என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கைக்கெட்டும் இணைப்புகளை எடுங்கள். அந்தத் தொழிலுக்குப் பொருள் தருகிறவர்கள், அவர்கள் உறுப்பினராக உள்ள சங்கங்கள், கூட்டாளிகள், வேலை முடித்துக் கொடுத்த இடங்கள், இவர்கள் தளங்களில் பெயர் இருக்கும், இணைப்பு இருக்காது. கேட்டால் போட்டுவிடுவார்கள். பழைய முகவரிக்கு வந்துகொண்டிருந்த இணைப்புகள் 404ல் ("பக்கம் இல்லை" என்ற பதிலில்) முட்டி நிற்கும், அவற்றைப் புது முகவரிக்கு ரீடைரக்ட் செய்தாலே (திருப்பிவிட்டாலே) இழந்தது திரும்பும். இந்த இரண்டையும் செய்யாமல் இணைப்பு வாங்கப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எதிர்வாதி எழுதியது:

பழைய 404 விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன், அதில் பலன் கண்டிருக்கிறேன். மற்றபடி சில துறைகளில் எதிராளி வாங்குகிறான், ஆண்டுக்கணக்கில் மேலே நிற்கிறான், அதற்கு உங்களிடம் பதில் இல்லை. அதோடு விடுகிறேன்.

பக்கவடிவன் எழுதியது:

வேகம் பற்றி மேலே ஒரு வரியில் போய்விட்டீர்கள், அது எங்கள் பக்கம் என்பதால் சொல்கிறேன். கூகுள் பார்க்கும் மூன்று அளவுகள்: பக்கத்தின் பெரிய பகுதி தெரிய 2.5 வினாடிக்குள், தொட்டால் பதில் வர 200 மில்லி வினாடிக்குள், தளவமைப்பு குதிக்கும் அளவு 0.1க்குள். இரண்டாவது அளவு 2024 மார்ச்சில்தான் பழையதற்குப் பதிலாக வந்தது. நான்கில் மூன்று பங்கு வருகைகளில் இந்த அளவு எட்டப்பட்டால்தான் "நன்று" என்று கணக்கு.

லைட்ஹவுஸ் என்ற கூகுள் சோதனைக் கருவியில் 100 காட்டுகிறது என்று படம் பிடித்து அனுப்புகிறவர்களுக்கு: அது ஒரு கணினியில் ஓட்டிய சோதனை. கூகுள் எடுத்துக்கொள்வது குரோம் பயன்படுத்துகிறவர்களிடமிருந்து 28 நாள் சேர்ந்த தரவு. அதனால் இன்று சரிசெய்துவிட்டு நாளைக்கே அறிக்கையில் நிறம் மாறவில்லை என்று கத்த வேண்டாம். வருகை குறைந்த தளங்களுக்கு அந்தத் தரவே இருக்காது.

நடைமுறையில் பெரும்பாலும் குற்றவாளி மேலே உள்ள பெரிய படம். எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் (கீழே உருட்டும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) போடும் பிளகின் அதற்கும் சேர்த்துப் போட்டுவிடும், முதலில் வர வேண்டியது கடைசியில் வரும். அந்த ஒன்றை மட்டும் விலக்குங்கள். படங்களுக்கு அகலம் உயரம் எழுதுங்கள், குதிப்பது நின்றுவிடும். அப்புறம் அரட்டைப் பெட்டி, பாப்அப், வருகிறவரைப் பின்தொடரும் நாலு விதமான டிராக்கர். இவற்றை மார்க்கெட்டிங் ஆட்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டு டிசைன் கனமாக இருக்கிறது என்பார்கள்.

தனியாள் எழுதியது:

இதில் முழு உடன்பாடு. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்: வேகம் மட்டும் தனியாக யாரையும் மேலே கொண்டுபோகாது. பதில் சமமாக இருக்கும் இரண்டு பக்கங்களுக்கு இடையில்தான் அது எடைபோடும். மோசமாக இருப்பதைச் சரிசெய்யுங்கள், லைட்ஹவுஸ் மதிப்பெண் 92ஐ 98 ஆக்க ஒரு வாரம் செலவிடாதீர்கள்.

சிறுவணிகி எழுதியது:

இப்போது தேடினால் மேலேயே ஏஐ பதில் சொல்லிவிடுகிறது. யாரும் தளத்துக்குள் வருவதே இல்லை என்கிறார்கள். இந்தச் செலவெல்லாம் இனி தேவையா?

தனியாள் எழுதியது:

பொதுவான "என்றால் என்ன" வகைக் கட்டுரைகளுக்குக் கிளிக் குறைகிறது, அதை மறைத்துப் பயனில்லை. அதனால் அந்த வகைப் பக்கங்களை எழுதித் தருவதை நான் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். எங்கும் கிடைக்கிற தகவலை நாமும் ஒரு தடவை எழுதி வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. உங்களிடம் மட்டும் இருப்பது என்ன? நீங்கள் செய்து முடித்த வேலைகளின் படங்கள், எதற்கு எவ்வளவு ஆகும், எவ்வளவு நாள் பிடிக்கும், எந்த வேலையை நீங்கள் எடுப்பதில்லை, ஏன். இதைப் படித்தவர் உங்களைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், ஏஐ பதில் அவருக்குப் போதாது. ஏஐயை வைத்தே நூற்றுக்கணக்கில் பக்கம் உற்பத்தி செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், 2024 மார்ச்சில் கூகுள் அதையே ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது என்று சொல்லி அனுப்புங்கள். ஏஐ எழுதியதா மனிதன் எழுதியதா என்பது அங்கே கேள்வி இல்லை, யாருக்கும் உதவாத பக்கங்களை மொத்தமாகக் கொட்டுவதுதான் விதிமீறல்.

புதுவரவு எழுதியது:

கடைசியாக ஒரு சந்தேகம். இப்போது கையில் இருக்கும் வேலையில் பழைய தளத்தில் நிறையப் பக்கங்கள், புதியதில் கொஞ்சம்தான். எல்லாப் பழைய முகவரியையும் முகப்புக்கு ரீடைரக்ட் செய்துவிடலாமா? ஒரே வரியில் முடிந்துவிடும்.

சர்வர்சாமி எழுதியது:

வேண்டாம். சம்பந்தமில்லாமல் முகப்புக்குத் தள்ளினால் கூகுள் அதை சாஃப்ட் 404 (திறந்தாலும் இல்லாத பக்கம் மாதிரி) என்று எடுத்துக்கொள்ளும், ரீடைரக்ட் செய்ததும் செய்யாததும் ஒன்றுதான். உள்ளே வந்த மனிதருக்கும் தேடியது கிடைக்காது.

தனியாள் எழுதியது:

சாமி சொன்னதேதான். கிளிக்கோ வெளி இணைப்போ உள்ள பழைய பக்கங்களை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள், பட்டியல் நீங்கள் பயப்படுவதைவிடச் சின்னதாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் விஷயத்தில் மிக நெருக்கமான புதுப் பக்கத்தைத் தேடி 301 (நிரந்தர ரீடைரக்ட்) போடுங்கள். நெருக்கமான பக்கமே இல்லை, ஆனால் வருகை இருக்கிறது என்றால் அந்தப் பக்கத்தை நீக்கும் முடிவே தப்பு, புதுத் தளத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாதவை 404 ஆகட்டும், அதனால் தளத்துக்குக் கேடில்லை. ஒரு ரீடைரக்ட் இன்னொரு ரீடைரக்ட்டுக்குப் போகாமல் நேராகக் கடைசி முகவரிக்கே போகட்டும். குறைந்தது ஓர் ஆண்டாவது எடுக்காமல் வையுங்கள், முடிந்தால் எடுக்கவே வேண்டாம். வெளியிட்ட பிறகு பழைய முகவரிகளின் பட்டியலை ஒரு தவழ்வானில் (முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் கருவி) கொடுத்து ஓட்டி, ரீடைரக்ட் போட்டவை 200ல் (பக்கம் சரியாகத் திறந்தது என்ற பதிலில்) முடிகிறதா என்று பாருங்கள். விரிதாளை இங்கே ஏற்றினால் நானும் ஒரு பார்வை பார்க்கிறேன், வாடிக்கையாளர் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

புதுவரவு எழுதியது:

சரி அண்ணா, சர்ச் கன்சோல் அனுமதி இன்னும் வரவில்லை, கேட்டிருக்கிறேன். வந்ததும் ஏற்றுகிறேன்.